அலமாரியில் இருந்தவர்

துணிகளைத் திருத்தித் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்த அம்மாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. பரீட்சை வைக்க வருகிறவள் அவளுடைய வருங்கால மருமகள்.

அந்தப் பெண் பல் டாக்டர். கடவுள் வாசனையே படாத வீட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா விபூதியைக் கண்டால் தும்முவார் என்று மகன் சொல்லியிருந்தான். பெண் என்னவோ தங்கமானவள்தான், ஆனால் பிடிவாதம். போன வாரமே போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"அர்த்தம் தெரியாம நான் எதையும் செய்ய மாட்டேன் அத்தை. நீங்க சொல்லிக் குடுங்க. புரிஞ்சா அக்னி முன்னாடி உக்காருறேன். புரியலன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து, அவ்வளவுதான்."

அம்மாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் அக்னியைச் சுற்றி வருவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டதில்லை. ஆனால் அர்த்தம்? நாற்பது வருடமாக விளக்கேற்றுகிறவளிடம் போய் ஏன் ஏற்றுகிறாய் என்று கேட்டால் அவள் என்ன செய்வாள், பாவம்?

பிள்ளையின் அப்பா, பஸ் டிரைவர், உதவிக்கு வந்தார். போனில் தேடித் தேடி இருபது கேள்வி, இருபது பதில் எழுதிக் கொடுத்தார். தையல் மெஷினில் காகிதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அம்மா ஒரு வாரம் நெட்டுருப் போட்டாள். அந்த வாரம் மூன்று பேருடைய பேன்ட் முழங்காலுக்கு மேலே ஏறிப் போனது.

பல் டாக்டர் நோட்டும் பேனாவுமாக வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். அடுப்புக்குப் பக்கத்து அலமாரிதான் சாமி அலமாரி. மேல் தட்டில் தெய்வங்கள், கீழ்த் தட்டில் பருப்பு டப்பாக்கள்.

"தேங்காய் ஏன் அத்தை உடைக்கிறோம்?"

அங்கேதான் வந்தது வினை. அம்மா வரிசையாகப் படித்திருந்தாள், இவளோ நடுவிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

"கெட்ட சத்தம் காதுல விழாம இருக்க" என்றாள் அம்மா.

"அப்போ மணி எதுக்கு அடிக்கிறோம்?"

"நம்ம அகங்காரம் ரெண்டா உடையறதுக்கு."

பல் டாக்டர் இரண்டையும் பொறுமையாக எழுதிக்கொண்டாள். மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்பா ஜன்னல் வழியாகத் தெருவை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

பிறகு அவள் எழுந்து அலமாரியைப் பார்த்தாள். பிள்ளையார், முருகன், லட்சுமி என்று ஒவ்வொருவராக விசாரித்து முடித்தாள். கடைசியில், சட்டம் போட்ட ஒரு படத்தில் விரலை வைத்தாள். வெள்ளைத் தாடி, தோளில் சால்வை, கழுத்தில் மாலை, மூடிய கண்கள். சந்தனமும் குங்குமமும் பூவும் மற்றவர்களைவிட அவருக்கே கொஞ்சம் அதிகம்.

"இவர் யாரு?"

"உங்க மாமா குடும்பத்து குரு" என்றாள் அம்மா.

"உங்க அத்தை குடும்பத்து சித்தர்" என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க, நாம குடி வந்த அன்னிக்கு நீங்கதானே இவரை அலமாரில வச்சீங்க?"

"நானா? நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கறப்பவே நீ இவருக்கு விளக்கு ஏத்திட்டு இருந்த."

இருபத்திரண்டு வருடம். உன் வீட்டு ஆள் யாரென்று கேட்டால் அவமரியாதை ஆகிவிடுமோ என்று ஒருவரை ஒருவர் கேட்காமலே கும்பிட்டு வந்திருக்கிறார்கள். இப்படியும் உண்டா? உண்டு.

பல் டாக்டர் படத்தை எடுத்துத் திருப்பினாள். பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைச் சத்தமாகப் படித்தாள்.

"தபால் பிரிக்கும் பிரிவு. முப்பத்தாறு ஆண்டு சேவைக்குப் பின் பணி ஓய்வு. அன்புடன், உடன் பணிபுரிந்தோர்."

சால்வையும் மாலையும் வழியனுப்பு விழாவில் போட்டவை. கண்ணை மூடியது தியானத்தில் இல்லை, கேமரா வெளிச்சத்தில். முன்னால் குடியிருந்தவர்கள் மறந்து விட்டுப்போன தாத்தா.

"அதான் நம்ம வேண்டுதல் எல்லாம் கொஞ்சம் லேட்டானாலும் சரியா போய்ச் சேர்ந்துச்சு" என்றார் அப்பா.

மகன் சிரித்துவிட்டான். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மானம் போயிற்று, கல்யாணமும் கையெழுத்தோடு போயிற்று என்று தெரிந்தது. இனி நெட்டுருப் போட்டதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

"எனக்கு எதுக்கும் அர்த்தம் தெரியாதும்மா" என்றாள். "நாங்க இங்க குடி வந்த மாசம் இவனுக்கு ஆறு வயசு. காய்ச்சல்ல கண்ணே திறக்கல. மத்த சாமிகிட்ட எல்லாம் பேச மந்திரம் தெரியணுமோன்னு பயம். இவரைப் பாத்தா நம்ம வீட்டுப் பெரியவர் மாதிரி இருந்தாரு. இவர்கிட்டதான் அழுதேன்."

"அது இவருக்குக் கேட்டிருக்குமா அத்தை?"

"இவருக்கு எப்படிம்மா கேக்கும்? இவர் தபால்காரர். ஆனா எந்த முகத்தைப் பாத்துக் கூப்பிட்டாலும் கேக்கறவர் ஒருத்தர்தான். இது காகிதத்துல இருந்து படிச்சது இல்ல."

அந்தப் பெண் எதையும் எழுதவில்லை. நோட்டை மூடினாள்.

"அக்னி முன்னாடி எவ்வளவு நேரம் உக்காரணும்?"

"ஒன்றரை மணி நேரம்" என்றாள் அம்மா. இந்த நேரத்திலாவது வாயை அடக்கத் தெரிய வேண்டாமா? "புகை வேற கண்ணைக் கரிக்கும்."

"பரவால்ல." பல் டாக்டர் படத்தைத் திருப்பி அந்த மூடிய கண்களைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பக்கம் இத்தனை சாமி இருக்கு. எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தர்கூட இல்ல. கல்யாணத்தன்னிக்கு இவரை எங்க பக்கம் உக்கார வச்சுக்கட்டுமா?"

அம்மா படத்தை வாங்கிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.