அந்த டேப்பை ஒட்டியது யார்?

"மெஷினில் இருந்த டேப்பை ஒட்டியது யார்?"

கேட்ட இடம் கோர்ட் இல்லை, சமையலறை. கேட்டவனும் வக்கீல் இல்லை. பனியனும் கையில் கரண்டியுமாக நின்ற பஸ் டிரைவர். கொஞ்ச நாளாக, டியூட்டி முடிந்து வந்ததும் எதிர்த்தரப்பு வக்கீலாகிவிடுகிறான்.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள் அவன் மனைவி.

"தரையைப் பார்த்துச் சொல்லாதே. என்னைப் பாரு."

"உங்க மூஞ்சியைப் பார்த்தா சிரிப்பு வருது."

"சிரிக்கவே கூடாதுன்னு நம்ம வக்கீலம்மா சொன்னாங்கல்ல?"

சொன்னது வாஸ்தவம். ஒருநாள் காய்கறிக் கடை வாசலில் யாரோ ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே நின்ற காரிலிருந்து ஒருத்தன் போட்டோ எடுத்தான். அடுத்த வாய்தாவிலேயே அந்தப் படம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. 'தீராத வேதனையில் இருப்பதாகச் சொல்லும் பெண் இவர்தான்.' அன்றிலிருந்து வாசலைத் தாண்டினால் அவள் முகத்தில் ஈயாடுவதில்லை.

"சரி, இன்னொரு தடவை. டேப்பை ஒட்டியது யார்?"

"ஞாபகம் இல்லீங்க."

"பிரமாதம்!" என்றான் டிரைவர். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். தட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

ஞாபகம் இல்லாமல் என்ன? எல்லாம் இருந்தது.

டப்பாவுக்கு மூடி அடிக்கிற தொழிற்சாலை அது. பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலேயிருந்து இரும்பு இறங்கி தகட்டை வெட்டும். கைகள் இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே மாட்டாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி வேலை பார்த்தால் மேலிடம் கேட்கிற கணக்கில் பாதிகூட எட்டாது. அதனால் ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தி வைத்துவிடுவார்கள். இடது கை தகட்டைத் தள்ளும், வலது கை மற்ற பட்டனைத் தட்டும். காலையில் கிளவுஸ் கொடுக்கும்போதே சூப்பர்வைசர் டேப்பையும் கொடுத்துவிடுவார். எதற்கு என்று அவரும் சொல்ல மாட்டார், இவர்களும் கேட்க மாட்டார்கள்.

அவளுக்கு அங்கே 'மின்னல்' என்று பெயர். அவ்வளவு வேகம். அன்றைக்கு ஒரு தகடு கோணலாகப் போய்விட்டது. இடது கை அதை நேராக்கப் போன அதே நொடியில், வலது கை பழக்கதோஷத்தில் பட்டனைத் தட்டிவிட்டது.

இடது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான்.

எங்கள் மெஷினில் டேப்பே கிடையாது, இவளே ஒட்டிக்கொண்டிருப்பாள் என்றது கம்பெனி. கூட வேலை பார்த்தவர்களும் வரிசையாக அதையே சொன்னார்கள். டேப் ஒட்டினால் வேலை போய்விடும் என்று சுவரில் போர்டு மாட்டியிருந்தது. ஒட்டாதவர் ஒருத்தரும் இல்லை. எப்படி வாயைத் திறப்பார்கள்? பக்கத்து மெஷின்காரி, ஒரே டப்பாவில் சாப்பிட்ட தோழி, ஓயாத பேச்சுக்காக 'ரேடியோ' என்று பேர் எடுத்தவள், அவளும் வாயை மூடிக்கொண்டாள். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். விரல் போனதற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

கம்பெனி டாக்டரிடம் போன நாளை டிரைவரால் மறக்க முடியாது. "நிஜமாவே வலிக்குதா, இல்ல சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சா?" என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்தவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கதவுக்கு வெளியே அவன் நின்றான். தண்ணீர் சத்தத்தையும் மீறி அவள் அழுகை கேட்டது.

"சமாதானமாப் போயிடலாம்டி" என்று அன்றே சொன்னான். "கவனக்குறைவுன்னு ஒரு கையெழுத்துதானே கேக்கறாங்க? போட்டுத் தொலைச்சிட்டு நிம்மதியா இருப்போம்."

"அதே மெஷின்ல இப்ப வேற ஒருத்தி உட்கார்ந்திருக்கா. டேப்பும் அப்படியே இருக்கு. எனக்கு எங்கேர்ந்து நிம்மதி வரும்?"

பிடிவாதக்காரி என்று மனசுக்குள் திட்டினான். மறுநாளே கரண்டியைக் கையில் எடுத்தான். கேஸ் என்று ஆகிவிட்டது, ஜெயிக்கவாவது வேண்டாமா?

வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "ஒட்டினது நீங்கன்னு உங்க வாயால வந்துட்டா கேஸ் படுத்துடும். வலியில மறந்திருக்கலாமில்ல? ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. போதும்."

விசாரணை நாள் வந்தது. கம்பெனி வேனில் வந்த தொழிலாளிகள் கடைசி பெஞ்சில் இருந்தார்கள். நடுவில் ரேடியோ, தலை குனிந்தபடி.

எதிர்த்தரப்பு வக்கீல் நெட்டையானவர். குரல் தேன். சுற்றி வளைத்து ஆயிரம் கேட்டுவிட்டு, கடைசியில் சாவகாசமாக வந்தார்.

"அந்த டேப்பை ஒட்டியது யாரும்மா?"

டிரைவரின் உதடுகள் தானாக அசைந்தன. ஞாபகம் இல்லீங்க... சொல்லு, சொல்லு.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"நான்தாங்க."

வக்கீலம்மாவின் பேனா அப்படியே நின்றது. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டான். போச்சு. எல்லாம் போச்சு.

"மறுபடி சொல்லுங்க" என்றார் நெட்டையர், காதுகளை நம்பாமல்.

"நான்தான் ஒட்டினேன். அன்னிக்கு மட்டுமில்ல, தினமும். காலையில டேப்பைக் கையில கொடுப்பாங்க. ஒட்டாம இருந்தா அவங்க கேக்கற கணக்கு வராது. வரலைன்னா மறுநாள் வேலை இல்லை."

"அப்படின்னா தப்பு உங்களோடது."

"என் தப்பும் இருக்குங்க. அதை நான் சுமந்துக்கறேன். அவங்க தப்பையும் சேர்த்து என் தலையில கட்டாதீங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். டிரைவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளாக நான் இவளுக்கு என்ன சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன் என்று நினைத்தான். காது மடல் சுட்டது. எப்பேர்ப்பட்டவள்! ஜெயித்தாலும் தோற்றாலும், இவள் புருஷன் என்று சொல்லிக்கொள்ள இனி நெஞ்சை நிமிர்த்தலாம்.

அடுத்து கம்பெனி தரப்பு சாட்சி. ரேடியோ கூண்டில் ஏறினாள்.

"நீங்க அந்த மெஷின்கள்ல டேப்பைப் பார்த்ததே இல்லை. சரிதானே?"

அவள் கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். பிறகு மூச்சை இழுத்து விட்டாள்.

"பார்த்தேனாவா? ஒட்டியே இருக்கேன் சார். அந்த ஹால்ல ஒட்டாத கை எது, சொல்லுங்க? கையே போனவ ஒத்துக்கிட்டா. பத்து விரலும் பத்திரமா இருக்கிற நான் ஒளிஞ்சிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"கேட்ட கேள்விக்கு மட்டும்..."

"இத்தனை நாளா வாயைக் கட்டிப் போட்டிருந்தேன் சார். கொஞ்சம் பேச விடுங்க!"

நீதிபதி சிரிப்பை மறைக்கப் பக்கங்களைப் புரட்டினார். "பேசட்டும்" என்றார்.

ரேடியோ பேசினாள். டேப் கொடுத்தது யார், சோதனைக்கு அதிகாரிகள் வரும்போது பிய்த்து எடுக்கச் சொன்னது யார், விபத்து நடந்த அன்று தரையைக் கழுவும் முன்பே பட்டனில் டேப் பசையைத் துடைக்கச் சொன்னது யார். நெட்டையர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் இன்னும் இரண்டு தலைகள் நிமிர்ந்தன.

"பழியில ஒரு பங்கு நமக்கும் வரும்" என்றார் வக்கீலம்மா, வராந்தாவில். "நஷ்டஈடு குறையும். ஆனா கம்பெனி இனி தப்பிக்க முடியாது. நான் சொன்னதைக் கேட்காதது நல்லதாப் போச்சும்மா." சொல்லிவிட்டு, இவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

பின்னாலேயே ரேடியோ வந்தாள். கம்பெனி வேன் அவளை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"உன்னால எனக்கு வேலை போச்சுடி!"

"தெரியும்."

"தெரியுமாம்! பேச்சைப் பாரு." சட்டென்று அவளது இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். விபத்துக்குப் பிறகு இப்போதுதான் அந்தக் கையைப் பார்க்கிறாள். "வலிக்குதாடி?"

"குளிர்ல வலிக்கும்."

"ஆமா, வலிக்கத்தானே செய்யும்" என்றாள் ரேடியோ.

அவ்வளவுதான். இவள் உடைந்து அழுதாள், வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி. டிரைவர் பக்கத்தில் போக ஓர் அடி வைத்தவன், வேண்டாம் என்று நின்றுவிட்டான்.

"அழுதது போதும்டி. நாளைக்கு நான் எங்கே போய் வேலை தேடறது, அதைச் சொல்லு."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல டீ குடி. அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து தேடலாம்."