ஒரு நாள் தூரம்

வியாழக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்குப் போகலாம் என்று சொன்னவர் என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணன். வியாழன் விடிந்ததும், "சீசன் நேரம், லீவு தர மாட்டேங்காக" என்று டிபன் வாளியைத் தேடியவரும் அவரேதான். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது.

"கம்பெனியவே கட்டிக்கிட்டிருக்கலாம்ல? என்னைய எதுக்குக் கட்டுனீக?"

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டார். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. "போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வெறும் "போறேன்". கல்யாணமாகி மூன்று வருஷத்தில் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் அவர் படி இறங்கியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர் அப்படிப் போகலாமா? கூப்பிட்டுச் சொல்ல வைக்க என் வீம்பு விடவில்லை. வீம்பு அடங்கி நான் போனை எடுத்தபோது அவர் போன் அணைந்திருந்தது. தீப்பொறிக்குப் பயந்து ஆலை வாசலிலேயே அணைத்து வாங்கி வைத்துவிடுவார்கள்.

எனக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. அன்று வந்தது அடுத்த வருஷ டைரி. பக்கத்துக்கு ஓர் ஆங்கிலச் சொல்லும் அது பிறந்த கதையும் போட்டிருந்தார்கள். கூட வேலை பார்க்கும் செல்லத்தாய் அக்கா மூலத்தை வாசிக்க, நான் தாளைச் சரிபார்த்தேன்.

"ஜர்னி. பயணம். நாள் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லில் பிறந்தது. முதலில் ஒரு நாள் வேலையையும், ஒரு நாளில் போகக்கூடிய தூரத்தையும் குறித்தது. பிறகுதான் எத்தனை நாள் போனாலும் ஜர்னி என்றாயிற்று."

போகிறதைச் சொன்னவன் வருகிறதைச் சொல்லவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

"எங்கன தப்பு இருக்கு?" என்றார் அக்கா.

"திரும்பி வாரதப் பத்தி ஒண்ணுமே இல்லக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "காலையில சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். "ஒரு நாள்னுதான போட்டிருக்கான். சாயங்காலம் வந்துருவாக, புள்ள."

மூன்று மணிக்கு வெளியே ஒரு சத்தம். எங்கள் பக்கம் சத்தம் கேட்டால் எல்லார் கண்ணும் வானத்தில் புகையைத் தேடும். மிஷினைக்கூட நிறுத்திவிட்டார்கள். லாரி டயர் வெடித்ததாம். நான் மறுபடி தாளைக் கையிலெடுக்க அரை மணி நேரமானது. அவர்மேல் நான் எவ்வளவு உயிராக இருக்கிறேன் என்று அந்த அரை மணியில் தெரிந்துகொண்டேன். லீவாவது, கோபமாவது.

ஆறரைக்குத் தெருமுனையில் வேன் வந்தபோது அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசியாக இறங்கினார். கழுவியும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி காதோரம் மினுங்கியது. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"வாரேன்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "வந்து நின்னுக்கிட்டு வாரேங்கீக?"

"காலையில பாதிய முழுங்கிட்டேன்ல. ஆலை கேட்டுக்குள்ள போனப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. போனையும் வாங்கிட்டாக. நாள் பூரா வாய்க்குள்ளயே கெடக்கு."

அதற்கு நான் சொல்லவேண்டிய பதிலும் காலையிலிருந்து அப்படியே இருந்தது. வேனில் வந்தவர்கள் எல்லாம் பார்க்க, அழுதுகொண்டே, "வாங்க" என்றேன்.