ஒரே வரியில் சுருங்கிய படங்கள்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்து கம்ப்யூட்டர் சென்டராவது இருக்கும். எல்லாப் பயலும் மௌஸைப் பிடித்து ஒவ்வொரு படமாகச் சுருக்குவான். நான் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவேன், நூறு படமும் ஒரே மூச்சில் மாறிவிடும். இந்த இசக்கித்துரைக்கு அந்தத் திமிர் உண்டு. அதுதான் என்னைக் கெடுத்தது.

ஜூன் மாதம் ஒருநாள், தறி வேலைக்குப் போகும் ஆறுமுகத்தாய் மகள் பிரேமலதாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நர்சிங் விண்ணப்பம். ஐம்பது கேபிக்குள் படம் வேண்டும். மகளின் ஃபோனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் செருகினேன்.

“இதுல மூக்கு பெருசா தெரியுது அண்ணாச்சி, வேற பாப்போம்” என்று அந்தப் பிள்ளை தேடிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை நிற்கிறது.

“ஏட்டி, மாப்பிள்ளைக்கா போட்டோ தேடுத? எல்லாத்தையும் சின்னதாக்கித் தாரேன், ஒண்ண எடு!”

கன்வர்ட் என்று அடித்தால் புதுப் படம் தனியாக வரும். மோக்ரிஃபை என்று அடித்தால் இருக்கிற படத்தின் மேலேயே எழுதிவிடும், பழைய பெரிய படம் போயே போய்விடும். நகல்கூட எடுக்காமல் மோக்ரிஃபை அடித்தேன். இருநூறு பிக்சல் அகலம். கார்டில் இருந்த எல்லாப் படத்துக்கும் சேர்த்து கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. சில நொடியில் முடிந்தது. பிள்ளை வாயைப் பிளந்து பார்த்தது, எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆவணியில் டெங்குக் காய்ச்சல் பிரேமலதாவைக் கொண்டுபோய்விட்டது.

பதினாறாம் நாளுக்கு முன்னால் ஆறுமுகத்தாய் அதே கார்டோடு வந்தாள். “அவ படமெல்லாம் இதுலதான் கெடக்கு. மால போடுததுக்கு நல்ல பெருசா ஒண்ணு அடிச்சுத் தாங்க அண்ணாச்சி.”

திறந்தேன். கோயில் கொடைத் திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா, பாவாடை தாவணி. நானூற்றுச் சொச்சம் படமும் தபால்தலை அளவு. ஜூனுக்குப் பிறகு எடுத்தது ஒன்றுகூட இல்லை. பெரிதாக்கினால் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாக உடைந்தன. அய்யோ, நான் அடித்த வரி!

“ஃபோன்ல கேமரா சரியில்லம்மா” என்றேன். கூசாமல் சொன்னேன்.

“அவ நல்ல ஃபோனாத்தான் கேட்டா. நாந்தான் படிக்கப் போறவளுக்கு இது போதும்னு ஏசிட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி நான், எம்புள்ள மொகத்தக்கூட வச்சுக்க முடியலையே!”

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். தூ, நானெல்லாம் ஒரு மனுசன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி” என்றாள்.