அரிசியில் எழுதிய பெயர்

மோலியின் பெயரை மாற்றப் போகிறார்கள் என்று கார்ல் வந்து சொன்னபோது நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டேன். பெயரை மாற்றுவதாவது! அது என்ன சட்டையா, அளவு சரியில்லை என்று கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க?

"கோவப்படாதே லெஸ்லி. கிரண் வீட்ல அது வழக்கமாம். கொங்கணிக்காரங்க. கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை ஒரு தட்டு அரிசியில மோதிரத்தால பொண்ணுக்குப் புதுப் பேர் எழுதுவானாம். அப்புறம் அதுதான் பேர்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்ன சொல்றது? சரின்னேன்."

அவன் எப்போதும் அப்படித்தான். ஹெப்பாளில் நாங்கள் ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தபோதும் சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் சரி என்பான். ஆனால் இதில் சரி சொல்ல இவன் யார்? மோலி இவனுடைய மகள், ஒத்துக்கொள்கிறேன். பெயர் என்னுடையது.

எங்கள் பங்குக் கோயிலில் ஞானஸ்நானத்தன்று குழந்தையை ஏந்தி நிற்பவன் ஞானத்தகப்பன். "இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று சாமியார் கேட்டால் வாயைத் திறக்க வேண்டியவனும் அவன்தான். கார்லும் அவன் மனைவி நிம்மியும் கடைசி நிமிஷம் வரை ஒரு பெயரில் நிற்கவில்லை, நீயே சொல்லிவிடு என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். அம்மா இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

அம்மா ஞானஸ்நானப் பெயரில் மேரி. மேரியைத்தான் வெள்ளைக்காரர்கள் செல்லமாக மோலி ஆக்கிக்கொண்டார்கள். அம்மா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அப்படிக் கூப்பிடப் போய், கடைசியில் ஊரே கூப்பிட்டது. அப்பாவின் பெயர் குழந்தைசாமி, குழந்தை இயேசுவின் பெயர். அது என் பெயருக்குப் பின்னால் சர்நேம் என்ற பெயரில் வாலாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. லெஸ்லி குழந்தைசாமி. என் பெயர் யாருக்கும் வாலாகப் போவதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவனுக்கு அது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மோலி என் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். தேவையே இல்லாமல் நான் அவளைக் கூப்பிடுவேன். மோலி, உப்புப் பார். மோலி, அந்த ஜன்னலைச் சாத்து. மோலி, ஒன்றுமில்லை, சும்மாதான். மற்ற நாட்களில் இந்த வீட்டில் கூப்பிட ஆள் கிடையாது. குக்கரோடு பேசிப் பார்த்திருக்கிறேன், அது நாலு தரம் கத்திவிட்டு அடங்கிவிடும். இனி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானா? விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அவள் வளையல் வாங்கத் தேவராஜ மொஹல்லாவுக்கு வருவதாக நிம்மி சொன்னாள். நானும் போய், மார்க்கெட்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் அவளை உட்கார வைத்தேன். காபி வருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன்.

"வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு மோலி. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். கிரண் அப்பன்கிட்ட நானே பேசறேன்."

"அவங்க ஒண்ணும் கம்பெல் பண்ணல அங்கிள்."

"பின்னே?"

"இஷ்டம் இருந்தா மாத்தலாம், இல்லன்னா பேடா, விட்டுடலாம்னாங்க. நான்தான் வேணும்னேன். பேரும் நானே பார்த்து வச்சிருக்கேன். மனிஷா."

"மனிஷாவா? அப்படின்னா?"

"அறிவு. மனசோட விருப்பம்னும் சொல்லலாம்."

"ஏன், மோலிக்கு என்ன கேடு?"

காபி வந்தது, அவள் அதைத் தொடவில்லை. பூக்காரர்கள் வெளியே கன்னடத்தில் விலை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னப் பொண்ணா இருக்கறப்போ நீங்க மோலின்னு கூப்பிட்டா நான் ஓடி வருவேன் இல்லையா? நான் வந்து நின்னதும் உங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடும். ஒரு செகண்ட்தான். வேற யாரோ வருவாங்கன்னு பார்த்துட்டு, நான் வந்துட்ட மாதிரி. அப்புறம் சிரிப்பீங்க. எனக்கு அது அப்பவே தெரியும் அங்கிள்."

"என்னடி பேச்சு இது!"

"உங்க மேல கோவம் இல்ல. எங்கப்பாவை விட உங்களைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனா அது உங்கம்மா பேரு. நான் சும்மா வச்சிருந்தேன், அவ்வளவுதான். எனக்குன்னு ஒண்ணு வேணும்."

திட்ட வேண்டும் போல இருந்தது. வளர்ந்த திமிர், ஐடி கம்பெனிச் சம்பளத் திமிர் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கண் கலங்கியிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். காபி ஆறிப்போயிற்று. பஸ்ஸில் வீடு வரும்வரை, அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நம்ப முடியவில்லை.

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று இருந்தேன். அன்று காலை சவரம் செய்துகொண்டு, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், பாதியில் எழுந்து போக வசதியாக.

தாலி கட்டியானதும் தட்டு வந்தது. கிரண் நல்ல பையன், மோதிரத்தால் மெதுவாக அரிசியில் எழுதினான். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு புரோகிதர் ஏதோ சொல்ல, கிரணின் அம்மா அதை எங்களுக்குத் தமிழாக்கினார்.

"புதுப் பேரை முதல்ல பொண்ணு வீட்டுப் பெரியவங்க கூப்பிடணும். அது எங்க வீட்டுப் பத்ததி."

கார்ல் எழுந்தான். சரி சொல்ல அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

"அப்பா வேண்டாம்," என்றாள் மோலி. "எனக்குப் பேர் வச்சவர் லெஸ்லி அங்கிள். அவரே கூப்பிடட்டும்."

பாவி! இத்தனை பேர் நடுவில் என்னை இப்படி மாட்டிவிட்டாளே! எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நாக்கு நுனியில் மோலி வந்து நின்றது. சொல்லியிருக்கலாம். கிழவனுக்குப் பழக்கம் போகவில்லை என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவள் மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடுவேனோ என்று அவளுக்குப் பயம், அது முகத்தில் அப்படியே தெரிந்தது.

"மனிஷா," என்றேன்.

"என்ன அங்கிள்?"

அவளைப் பார்த்தேன். நிம்மியின் நெற்றி, கார்லின் பெரிய காது, யாருடையது என்று தெரியாத ஒரு கன்னக்குழி. அம்மாவின் ஜாடை எங்கேயும் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. இவளைக் கையில் ஏந்தி நின்றிருக்கிறேன், இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறேன், இன்றுதான் பார்க்கிறேன்.

"நல்லா இரும்மா," என்றேன். கைதட்டினார்கள். அவள் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக.

சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, சட்டையை மாட்டி, மின்விசிறியைப் போட்டேன். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். முதலில் சத்தமில்லாமல்தான். பிறகு அடக்க முடியவில்லை. அம்மா, அம்மா என்று வாய்விட்டு அழுதேன். சவப்பெட்டியை இறக்கியபோதுகூட நான் அப்படி அழவில்லை.

மாடியில் போன மாதம் குடிவந்த சுசித்ரா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். நல்ல பெண், என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"அங்கிள், ஏனாய்த்து? யாருக்கு என்ன ஆச்சு?"

"எங்கம்மா போயிட்டாங்கம்மா."

"அய்யோ தேவரே! எப்போ அங்கிள்?"

"இன்னைக்குக் காலையில," என்றேன்.