ஆறரை மணி ஊசி

"காலையில ஊசி போட்டீகளா இல்லையா, மதினி? அத மட்டும் சொல்லுங்க."

முத்தழகின் குரல் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. அவளும் அண்ணனைப் போலச் சர்க்கரை வியாதிக்காரிதான்; தொண்டையைக் கேட்டால் அது தெரியாது. கூடத்துப் பெஞ்சில் அவளுடைய அண்ணன் வீரபாண்டியனைக் கிடத்தியிருந்தார்கள். காலை இட்லிக்கு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டார். தலைமாட்டில் அவர் மனைவி நாகவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"பேசாத புருசனுக்கு ஊசி மட்டும் போட்டிருப்பாகளாக்கும்" என்று முத்தழகு துக்கத்துக்கு வந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

நியாயமான சந்தேகம்தான். புருசனும் பெண்சாதியும் பேசிப் பதினோரு வருஷம். காரணம் தெருவில் ஆளுக்கொன்று வைத்திருந்தோம்; ஒன்றும் உறுதியில்லை.

மகள் சத்தியப்பிரியாவுக்குத் தெரியும். தினமும் ஆறரைக்கு அப்பா பனியனைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நிற்பார். அம்மா வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் ஏற்றுவாள். ஒரு நாள் இடது, மறுநாள் வலது. ஒரு வார்த்தை கிடையாது.

அந்த ஊசியை ஒழிக்கத்தான் சத்தியப்பிரியா யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்தாள். இறால் ஓட்டிலிருந்து ஒரு பசையை எடுத்து, அதற்குள் இன்சுலினைப் பொதிந்து, வயிற்று அமிலத்தில் கெடாமல் மாத்திரையாகக் குடல்வரை கொண்டுசேர்க்கும் வேலை. முதல் வருஷம் மொட்டைமாடியில் ஓடு காயப்போட்டாள். வாசத்துக்குக் கூடிய தெருப் பூனைகளுக்கு அவள் அப்போதே டாக்டர்.

போன பொங்கலுக்கு அம்மா கேட்டிருந்தாள்: "ஒன் மாத்திரை வந்தா, அவுகளே போட்டுக்கிருவாகளா?"

"ஆமாம்மா. வாயில போட்டுத் தண்ணி குடிச்சாப் போதும்."

நாகவல்லி கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "அவசரப்படாத. மெதுவாவே செய்யி."

அன்றைக்கு சத்தியப்பிரியா சிரித்துவிட்டாள்.

முத்தழகு மறுபடி கேட்டாள். நாகவல்லி எழுந்து, அவர் மேல் கிடந்த மாலையை ஒதுக்கி, பனியனை ஏற்றினாள்.

"நேத்து இடது" என்றாள்.

வலது பக்கத்தில் கடுகளவு சிவப்பு. முத்தழகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகவல்லி பனியனை இறக்கிவிட்டாள். கையை எடுக்கவில்லை. சத்தியப்பிரியாவுக்குப் பொங்கலன்று தான் சிரித்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆவணியில் சத்தியப்பிரியா கல்யாணமாகிப் புனே போனாள். மாத்திரை இன்னும் எலிச் சோதனையைத் தாண்டவில்லையாம். நாகவல்லி வீட்டைப் பூட்டிவிட்டு, யாரும் எதிர்பார்க்காதபடி, அமராவதிபுதூரில் முத்தழகு வீட்டுக்கே குடிபோனாள். அங்கேயும் இரண்டு பேருக்கும் பேச்சில்லை என்கிறார்கள். காலை ஆறரைக்கு முத்தழகு வந்து முன்னால் நிற்கிறாளாம். எந்தப் பக்கம் என்பதை நாகவல்லிதான் நினைவில் வைத்திருக்கிறாள்.