ஏட்டில் மட்டும் இருந்த பாக்கி

அம்மா போன பிறகு ஹேமலதாவுக்குப் பகலில் பேச ஆளில்லை. சாரம் பகுதியில், ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. பலரிடம் பணம் திரட்டிப் பெரிய கட்டடங்களை வாங்கி, வரும் வாடகையை அவர்களுக்கே பங்கிட்டுத் தரும் ஒரு ‘ரீட்’ நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே கணக்குப் பார்த்தாள். யாரிடமிருந்து எவ்வளவு வாடகை வர வேண்டும் என்பதைக் கவனிப்பது அவள் பொறுப்பு. வாடகைதாரர்களின் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். ஒரு முகம்கூடத் தெரியாது.

அன்று காலை ஃபோன் அடித்தபோது, யாரோ தன்னைத் தேடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில்தான் எடுத்தாள்.

“ஹேமலதா மேடமா? நான் செல்வாம்பா. கோரிமேட்டு பில்டிங்ல கேன்டீன் வெச்சிருக்கறேன். நோட்டீஸ் வந்துச்சும்மா. அவ்ளோ பணத்துக்கு நான் எங்க போவேன்? சாயங்காலம் சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துடறேன். கேசு கீசுன்னு போட்டுடாதீங்க.”

“இருங்கம்மா, பாத்துச் சொல்றேன்.”

“இன்னாத்தப் பாக்கறது? படிச்சவங்க போட்ட கணக்கு தப்பாவா இருக்கும்?”

லைன் போய்விட்டது.

ஹேமலதா ஒப்பந்தத்தைத் திறந்தாள். ஐந்து வருட வாடகை. கட்டடம் காலியாகக் கிடந்த காலம் என்பதால் முதல் ஆறு மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்று நிறுவனமே விட்டுக்கொடுத்திருந்தது. ஆனால் மொத்த வாடகையை எல்லா மாதங்களுக்கும் சமமாகப் பிரித்து எழுதுவதுதான் கணக்கு முறை. அதனால் வாடகை இல்லாத மாதங்களிலும் ஏட்டில் வருமானம் ஏறி, ‘வரவேண்டியது’ என்று உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வருகிற வாடகையில் அது தானே கழிந்துவிடும். இன்றைக்கு யாரும் அதைக் கட்ட வேண்டியதில்லை.

அந்தத் தொகையைத்தான் அவள் தவணை தவறிய பாக்கி என்று நினைத்து நோட்டீஸ் அனுப்பியிருந்தாள்.

மேலாளர் இளஞ்செழியனைக் கூப்பிட்டாள்.

“திங்கக்கிழமை ஒரு மெயில் போட்டுக்கலாம் ஹேமா. காலாண்டுக் கணக்கு முடிக்கிற நேரம். ஏட்டுல ஒரு ரூபாகூட மாறலயே!”

ஏட்டில் மாறவில்லைதான். கோரிமேட்டில் ஓர் அடுப்பு அணையப் போகிறது. செல்வாம்பாளின் ஃபோன் அணைந்தே கிடந்தது. ஹேமலதா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். மடியில் எக்ஸ்ரே உறையை வைத்திருந்த ஓர் அம்மாள், கேட்காமலேயே நகர்ந்து இடம் கொடுத்தாள். ‘முருகா, அவங்க சாவியக் குடுத்திருக்கக் கூடாது’ என்று ஹேமலதா வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தாள்.

கட்டடத்தின் பின்வாசலில் டெம்போ நின்றிருந்தது. பாதிப் பாத்திரம் ஏறிவிட்டது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு செல்வாம்பாள் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தாள்; ஃபோனில் கேட்ட அதே குரல்.

“அக்கா, நான்தான் ஹேமலதா. நீங்க ஒரு பைசா தர வேணாம். தப்பு என்னோடது.” மூச்சு வாங்க, கணக்கு முறையைச் சொன்னாள்.

செல்வாம்பாள் இடுப்பில் கை வைத்தாள். “வேணாம்னு விட்ட வாடகைய வரும்படின்னு எழுதுவீங்களா? விக்காத இட்லிய வித்ததா நான் எழுதியிருந்தா, எங்க வூட்டுக்காரரு வெளக்கமாத்த எடுத்திருப்பாரு!”

டெம்போக்காரர் சிரித்துவிட்டார். ஹேமலதாவுக்குக் கண் கலங்கியது.

“ராத்திரியெல்லாம் தூங்கல, தெரியுமா?” செல்வாம்பாளின் குரல் இறங்கியது. “இப்போ வாயால சொல்ற. எழுதித் தருவியா?”

மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஹேமலதா அதை விழுங்கிவிட்டுக் கைப்பையில் காகிதம் தேடினாள். பாக்கி எதுவும் இல்லை, நோட்டீஸ் தவறானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலையே போனாலும் போகட்டும். பயந்துபோன ஒரு மனுஷியைத் திங்கட்கிழமைவரை காக்க வைப்பதைக் கடவுள் எந்தக் கணக்கில் எழுதுவார்?

செல்வாம்பாள் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. டெம்போவிலிருந்த சோற்று அண்டாவைக் காட்டினாள்.

“பாத்துக்கினு நிக்கறியே, அந்தப் பக்கம் புடி.”

இருவரும் தூக்கினார்கள். நல்ல கனம்.

“பாத்து வா, படி இருக்குது” என்றாள் செல்வாம்பாள்.

ஹேமலதா பார்த்துக் கால் வைத்தாள்.