ஓட்டுநரை அளப்பதில்லை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, கூலி வேலையாக வந்தது. 2009 பிப்ரவரியில் ஹக்கீம் ஒரு மஞ்சள் பையிலிருந்து நாற்பது பக்க ஆங்கிலக் கையேட்டை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"டீச்சர், இதைத் தமிழ்ல அடிச்சுக் குடுங்க. மொத்தமும் வேணும்."

அப்போது நான் கம்பத்தில் தட்டச்சுப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். பத்திரம், வழக்கு மனு, விசா விண்ணப்பம் என்று எது வந்தாலும் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். கதைகளும் எழுதுவேன். அவற்றை எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஹக்கீம் என்னிடம் ஆறு மாதம் தட்டச்சு படித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாதவன். இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். (முப்பத்தாறு வயதுக்காரரை "வைத்திருந்தான்" என்று எழுதுவது அந்தப் பழைய உரிமையில்தான்.)

கையேடு உயர் பாதுகாப்பு வேலிகளையும் வாகனத் தடுப்புகளையும் பற்றியது. எந்தத் தடுப்பு எந்த மோதலைத் தாங்கும் என்பதற்கான தரக் குறியீடுகள் அதில் இருந்தன.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று காலை மலைமேல் மேகம் இறங்கி…"

மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. விட்டுவிட்டேன். அடுத்தது:

"ஆறாயிரத்து எண்ணூறு கிலோ எடையுள்ள லாரி ஒன்று, மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் இல்லாமல்…"

இது பரவாயில்லை. ஆனால் இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் நான் முதலில் கையேட்டைப் புரிந்துகொண்டாக வேண்டும்.

2

வேலை என்னவென்று ஹக்கீம் சொன்னான். கம்பத்திலிருந்து கேரளாவுக்கு ஏறும் மலைப்பாதையின் ஒரு வளைவில் அரசாங்க நிலையம் ஒன்று இருக்கிறது. முந்தின நவம்பரில் மும்பையில் நடந்ததற்குப் பிறகு அதன் வாசலுக்கு லாரி மோதினாலும் உடையாத தடுப்பு வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தடுப்பு வெளியூரிலிருந்து வரும். குழி தோண்டுவது, கம்பி கட்டுவது, அடிச்சட்டத்தை வெல்டு வைப்பது எல்லாம் ஹக்கீமின் பொறுப்பு.

(அது என்ன நிலையம் என்று எழுதப்போவதில்லை. வளைவையும் இடம் மாற்றியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள், கிடைக்காது.)

"கம்பிய வளைக்கச் சொன்னா வளைச்சிட்டுப் போறதுதானே, இதைப் படிச்சு என்ன செய்யப்போற?" என்று கேட்டேன்.

"என்ன செய்றோம்னு தெரியாம செய்ய மனசு வரல டீச்சர். பேப்பர்ல எம் ஐம்பது, பி ஒண்ணுன்னு போட்டிருக்கு. ஐம்பது டன் தாங்குமா?"

"டன் இல்லப்பா, வேகம். மணிக்கு ஐம்பது மைல். நம்ம கணக்குக்கு எண்பது கிலோமீட்டர். எம்னா நடுத்தர லாரி."

"எம் முப்பதுன்னா?"

"அதே லாரி, நாப்பத்தெட்டு கிலோமீட்டர் வேகத்துல. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம்னு நினைச்சிராத. வேகம் ரெண்டு மடங்கானா அடி நாலு மடங்காகும்னு போட்டிருக்கு."

"சரி, பி ஒண்ணு?"

"மோதின பெறகு எவ்வளவு தூரம் உள்ள வந்துச்சுங்கறது. ஒரு மீட்டருக்குள்ள நின்னா பி ஒண்ணு. ஏழு மீட்டர் வரைக்கும் பி ரெண்டு. முப்பது வரைக்கும் பி மூணு."

"எதுல இருந்து அளப்பாக? முன் பம்பர்லயா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். லாரியின் மூக்கு எங்கே போய் நின்றது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. சரக்குத் தொட்டியின் முன்விளிம்பு தடுப்பைத் தாண்டி எவ்வளவு வந்தது என்றுதான் பார்க்கிறார்கள். வெடிமருந்து இருப்பது தொட்டியில் என்பதால். தொட்டிக்கு முன்னால் இருப்பது நசுங்கினாலும் தடுப்பு தேறிவிட்டதாகவே கணக்கு. இதைச் சொன்னேன்.

"தொட்டிக்கு முன்னாடி டிரைவருல்ல உக்காந்திருப்பான்."

"ஆமா."

"அவனப் பத்தி என்ன போட்டிருக்காக?"

"ஒண்ணும் போடல. சோதனை வண்டிய ஆள் இல்லாமதான் இழுத்து விடுறாக. ஓட்டுநரை அளக்கறதில்ல."

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

"டீச்சர், அந்த வாசல எனக்குத் தெரியும்," என்றான்.

3

1998இல் ஹக்கீம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளாவின் ஏலத் தோட்டங்களுக்குப் போவான். மாலையில் இறக்கிக் கொண்டுவருவான். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பேர் வருவார்கள்.

செப்டம்பர் மாதம் ஒரு சாயங்காலம், இறக்கத்தில் பிரேக் மிதி அடி வரைக்கும் போய்விட்டது. இரண்டாம் மிதியிலும் ஒன்றும் பிடிக்கவில்லை. கை பிரேக்கைப் பிடித்து இழுத்தான், கியரைக் குறைத்தான். வண்டி கேட்கவில்லை. அடுத்து வருவது கொண்டை ஊசி வளைவு. அதற்கு முன்னால் இடப்பக்கம் நிலையத்துக்குப் பிரியும் சாலை மட்டும் ஏற்றமாகப் போகும். வாசலில் சவுக்குக் கட்டை ஒன்று குறுக்கே கிடக்கும்.

"எல்லாரும் குனிஞ்சுக்கங்க" என்று கத்திவிட்டுத் திருப்பினான். கட்டை முறிந்தது. ஜீப் ஏற்றத்தில் ஏறி, வேகம் குறைந்து, ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்றது. முருகம்மாள் என்ற பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

கட்டையை உடைத்ததற்காக அவனையே புதிதாக ஒன்று செய்து மாட்டச் சொன்னார்கள். இரும்புக் குழாயில் செய்வதற்காகப் பட்டறைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். அதன் பிறகு அவன் ஜீப் ஓட்டவில்லை.

அந்தச் செய்தி மற்ற ஓட்டுநர்களிடம் பரவியது. பிரேக் போனால் நிலையத்து வாசலில் திருப்பு, குழாய் வளைந்து வழி விடும். அதற்குப் பின் இரண்டு வண்டிகள் அப்படித் தப்பின. ஒவ்வொரு முறையும் ஹக்கீம்தான் போய்க் குழாயை மாற்றினான். வேண்டுமென்றே மெல்லிய குழாயாகப் போட்டானா என்று நான் கேட்டதில்லை.

[கதை எழுதுகிறவர்கள் இங்கே ஒரு தற்செயலைச் சந்தேகிப்பார்கள். அதே ஆள், அதே வாசல். நானும் சந்தேகித்து, வரைவில் ஹக்கீமை இரண்டு பேராகப் பிரித்துப் பார்த்தேன். ஓட்டுநர் வேறு, வெல்டர் வேறு. இருவருக்கும் பேசிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. மறுபடி ஒன்றாக்கிவிட்டேன்.]

இப்போது அந்த இடத்தில் எண்பது கிலோமீட்டர் வேக லாரியை ஒரு மீட்டருக்குள் நிறுத்தும் எஃகு விட்டம் வரப்போகிறது. பதினான்கு பேர் ஏறிய ஜீப் அந்த லாரியின் எடையில் பாதிகூட இல்லை; மோதினால் விட்டம் அசையாது, ஜீப்தான் நசுங்கும்.

"டீச்சர், அந்தக் குழிய நான் தோண்ட மாட்டேன்," என்றான் ஹக்கீம்.

4

முதல் வரைவில் தளப் பொறியாளர் விஜயகுமாரைக் கெட்டவராக எழுதினேன். கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டேன். "ஜீப்காரன் செத்தா எனக்கென்ன…" என்று ஒரு வசனம் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் கண்ணாடியே போடுவதில்லை.

ஹக்கீம் காரணத்தைச் சொல்லி வேலையை நிறுத்திய ஒன்பதாம் நாள் அவர் பட்டறைக்கு வந்தார். மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கங்களைக் கொடுப்பதற்காக நானும் அங்கே இருந்தேன்.

"ஹக்கீம், டிராயிங்ல வாசல் கேட்டு எங்கன இருக்கோ அங்கனதான் நான் வைக்க முடியும். நீங்க முடியாதுன்னா வேற ஆளு வருவாக. தடுப்பு வரத்தான் போகுது."

"வரட்டும் சார். நான் மட்டும் கை வைக்க மாட்டேன்."

"அதுனால யாரு பொழைக்கப் போறா?"

எனக்கு அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. அப்போது கையில் இருந்த பக்கங்களில் ஒரு பத்தி நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் முன்புதான் அதைத் தட்டச்சு செய்திருந்தேன். எழுத்துப் பிழை பார்த்தேனே தவிர, பொருள் பார்க்கவில்லை. அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

"தரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், அந்த இடத்தை ஒரு வாகனம் அதிகபட்சம் எந்த வேகத்தில் வந்தடைய முடியும் என்பதைக் கணக்கிடுக. வளைவும் ஏற்றமும் வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் குறைந்த தரமே போதுமானது."

விஜயகுமார் தாளைக் கையில் வாங்கித் தானே ஒருமுறை படித்தார். "உள்ள ஒரு வளைவு இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு சார். ஏத்தத்துல. பாறையத் தாண்டி," என்றான் ஹக்கீம்.

"ஜீப்பு எங்கன நின்னுச்சு அன்னைக்கு?"

ஹக்கீமுக்குச் சரியாக நினைவில்லை. அன்று அவன் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே நேரமாயிற்றாம். "முருகம்மாக்காவக் கேக்கணும்," என்றான்.

5

முருகம்மாள் சுருளிப்பட்டிக்காரர். அப்போதும் ஏலத் தோட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், அதே மலைப்பாதையில், வேறு ஜீப்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் நால்வரும் நிலையத்து வாசலுக்குப் போனோம்.

முருகம்மாள் தயங்காமல் உள்ளே நடந்தார்.

"இந்தா இங்கன. இந்தப் பாறை மேலதான் என்னைய உக்கார வச்சாக. கைய அசைக்காதேன்னாக. ஹக்கீம் தம்பி அழுதுக்கிட்டே இருந்துச்சு. நான்தான், ஏலே, அழுகாத, எல்லாரும் இருக்கோம்னு சொன்னேன்."

"நான் அழுகல அக்கா."

"அழுதப்பா."

விஜயகுமார் வாசலிலிருந்து டேப் பிடித்தார். நாற்பத்திரண்டு மீட்டர். பாறையிலிருந்து வளைவைத் தாண்டி இன்னும் பதினெட்டு மீட்டர். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார். அந்த வளைவில் பாரம் ஏற்றிய லாரி நாற்பத்தெட்டுக்கு மேல் வேகத்தில் திரும்பினால் கவிழ்ந்துவிடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நிலையக் கட்டடம் அங்கிருந்து இன்னும் முந்நூறு மீட்டர் உள்ளே. தடுப்பை வாசலில் வைக்காமல் இந்த இடத்தில் வைத்தால் எம் முப்பதே போதும்.

"மேலிடத்துக்குப் போடுற கடிதத்துல அந்த ஜீப்பு நின்ன தூரத்தத்தான் சார் எழுதணும். இந்த ரோட்டுல நடந்த டெஸ்ட்டு அது ஒண்ணுதான்," என்றான் ஹக்கீம்.

"அதை எழுதுனா, கேட்டை உடைச்சு உள்ள வர்றதுக்கு வழி விடச் சொல்றீங்களாம்பாக. ஜீப்புங்கற வார்த்தையே கடிதத்துல வரக்கூடாது. டீச்சர், நீங்க எழுதிருவீகளா?"

எழுதினேன். அணுகு வேகம், வளைவின் ஆரம், தரக் குறியீடு என்று இரண்டு பக்கம். பதினான்கு பெண்கள் அதில் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனாலும் அது அவர்களுக்காக எழுதப்பட்டது என்பதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது. நான் எழுதியதிலேயே நல்ல கதை அந்தக் கடிதம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். விஜயகுமார் கையெழுத்துப் போடும்போது ஒரு கணம் நிறுத்தினார். தப்பாகப் போனால் அது அவர் பெயர்தான். பிறகு போட்டார்.

மூன்று மாதம் பதில் இல்லை. ஜூனில் ஒப்புதல் வந்தது.

தடுப்பு வளைவுக்கு அப்பால் அறுபதாம் மீட்டரில் நின்றது. ஹக்கீமே தோண்டி, ஹக்கீமே கம்பி கட்டினான். கையேட்டில் சொன்ன ஆழத்தை ஒரு அங்குலம்கூடக் குறைக்கவில்லை. குழியிலிருந்து வந்த சரளை மண்ணை வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது ஒப்பந்தம். அவன் அதை வாசலிலிருந்து பாறை வரை சாலையின் ஒரு ஓரமாகத் தளர்வாகப் பரப்பி வைத்தான், சக்கரம் புதையும் அளவுக்கு. விஜயகுமார் அறிக்கையில் "மண் சமன் செய்யப்பட்டது" என்று எழுதினார்.

பழைய குழாயை இந்த முறை எடுத்துவிட்டார்கள். வாசல் திறந்து கிடந்தது.

6

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில், 2010 ஜனவரியில் ஒரு ஜீப்புக்குப் பிரேக் போகிறது. ஓட்டுநர் திருப்புகிறார், சரளையில் சக்கரம் புதைகிறது, எல்லோரும் பிழைக்கிறார்கள். ஹக்கீம் ஓடி வருகிறான்.

இரண்டாவதில், ஓட்டுநர் வெளியூர்க்காரர், அவருக்கு அந்த வழி…

(முடிக்கவில்லை.)

மூன்றாவதில் உண்மையாகவே ஒரு லாரி வருகிறது. அதை அன்றே கிழித்துவிட்டேன்.

முதல் முடிவு எனக்குப் பிடித்திருந்தது. சுருளிப்பட்டிக்குப் போய் முருகம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஜீப்புல யாரு யாரு இருக்காக?"

"தோட்டத்து வேலைக்குப் போறவங்க. பதினாலு பேர்."

"அது சரி, யாரு?"

"பேர் வைக்கல."

"பேரு வைக்காமயா பிரேக்க புடுங்குனீக?"

"எல்லாரும் பொழச்சிடுறாங்கல்ல," என்றேன்.

"எனக்குத் தோளு முறிஞ்சுச்சு. மழைக்கு இன்னமும் வலிக்கும். அன்னைக்கு எம் மக பள்ளிக்கூடத்துல இருந்து வந்து பூட்டுன வீட்டு முன்னாடி உக்காந்திருந்தா. பொழச்சிட்டோம்னு நீங்க ஒரு வரியில எழுதிருவீக. மொதல்ல பேரு வைங்க. வீட்டுல யாரு பாத்துக்கிட்டு இருக்கான்னும் எழுதுங்க. பெறகு ஒங்க மனசு."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். ஓட்டுநருக்குப் பக்கத்தில் சொர்ணலதா, கல்யாணம் ஆகி நான்கு மாதம். பின்னால் பாஜிலா, கணவருக்கு மருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஜக்கம்மா, அவர் மடியில் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் நார்த்தங்காய். நதியா, அன்றுதான் முதல் நாள் வேலைக்கு வந்தவள், கை வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படுகிறாள். இப்படியே ஒவ்வொருவராகப் பதினான்கு பேரையும் எழுதி முடித்தபோது மத்தியானம் ஆகியிருந்தது.

அதன் பிறகு என்னால் அந்த மிதியை அடி வரைக்கும் போக விட முடியவில்லை. பல தடவை முயன்றேன். ஜீப் வளைவுகளில் இறங்கியது, நிலையத்து வாசலைக் கடந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தே முக்காலுக்குக் கம்பம் வந்து சேர்ந்தது. அவரவர் இறங்கிப் போய்விட்டார்கள்.

நான் இதை எழுதும் 2010 ஆகஸ்ட் வரை உண்மையிலும் அப்படித்தான். சரளைமேல் புல் முளைத்திருக்கிறது. ஹக்கீம் எப்போதாவது போய்க் கொத்திவிட்டு வருகிறான்.

இது கதைக்கு முடிவு ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். பிரேக் போக வேண்டும் என்று நினைத்தால் போக வைத்துக்கொள்ளுங்கள், எந்த வேகத்தில் என்பதும் உங்கள் விருப்பம். ஆனால் முருகம்மாளின் நிபந்தனை உங்களுக்கும் உண்டு. நான் இங்கே நான்கு பேரைத்தான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பத்துப் பேருக்கும், ஓட்டுநருக்கும், முதலில் நீங்கள் பெயர் வையுங்கள்.